ஓடித் தேஞ்ச ஷூவை என்ன பண்றது?

4 மே 2025, காலை (திருவாரூர் வாசகர் ஒருத்தரோட கேள்வி)

என்கிட்ட மூணு ஜோடி ஓட்ட ஷூ கிடக்கு. ஒவ்வொண்ணும் 700, 800 கிலோமீட்டர் ஓடினது. மேல்பக்கம் புதுசு மாதிரியே இருக்கு, குப்பையில போட மனசு வரல. வயல் வேலைக்குப் போறவங்களுக்குக் கொடுத்துட்டா அவங்களுக்கும் உபயோகம், நமக்கும் நிம்மதிங்கறது என் கட்சி. சரிதானே?

4 மே 2025, இரவு

சரிதாங்க. நானும் அதைத்தான் செய்யறேன். மன்னார்குடியில இருக்கேன், பள்ளிக்கூட டீச்சர். விடியக்காலையில ஹரித்ராநதியைச் சுத்தி நாலு சுத்து, அஞ்சு சுத்து. ஒரு சுத்து ஒண்ணேகால் கிலோமீட்டர் கிட்ட வரும். ஞாயித்துக்கிழமை பாமணி ஆத்துக் கரையோட நீளமா ஒரு ஓட்டம். வருஷத்துக்கு ரெண்டு ஜோடி காலியாகும். போன தை மாசம் ஒரு ஜோடியை எங்க வயலுக்கு வர்ற அக்காவுக்குக் கொடுத்தேன். சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க.

ஆனா மேல்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. தார்ரோட்டுல உரசுற ரப்பருக்கும் மேல்துணிக்கும் நடுவுல தடிமனா ஒரு மெத்தை இருக்கே, அதுதான் ஷூவோட உசுரு. பெரும்பாலும் ஈ.வி.ஏ., அதாவது எத்திலீன் வினைல் அசிடேட் நுரை. உள்ள முழுக்கச் சின்னச் சின்னக் காத்துக்குமிழி. ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழும்பும்; நாளாக நாளாக நசுங்கினது எழும்பாது. பொதுவா 500லேருந்து 800 கிலோமீட்டர்னு கணக்குச் சொல்றாங்க. ஆளோட எடை, அடி வைக்கிற விதம், தரை இதையெல்லாம் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

மெத்தையோட பக்கவாட்டுல படுக்கைக் கோடா சுருக்கம் விழுந்திருக்கான்னு பாருங்க. கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. மேசை மேல வெச்சுப் பின்பக்கமா நின்னு பார்த்தா, தேஞ்ச ஷூ ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். நான் புதுசு வாங்கின அன்னைக்கே உள்ளே இருக்கிற இன்சோலை உருவி, அதுக்கு அடியில மார்க்கரால தேதி எழுதிடுவேன். இல்லேன்னா "இப்பத்தானே வாங்கினோம்"னு மனசு நம்மளை ஏமாத்தும்.

6 மே 2025

முந்தாநேத்து நான் எழுதினது தப்பு. அக்கா சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்கன்னு சொன்னேனே, அதுக்கப்புறம் அதைப் போட்டுக்கிட்டாங்களான்னு நான் கேட்கவே இல்ல. நேத்து பருத்தி எடுக்க வந்திருந்தாங்க. காலைப் பார்த்தா ரப்பர் செருப்பு.

"ஷூ எங்கக்கா?"

"அது மாட்டுக் கொட்டாயில தொங்குது டீச்சர். கோவிச்சுக்காதீங்க. வரப்புல கருவமுள்ளு ஏறிடுச்சு. செருப்புல ஏறினா தெரியும், புடுங்கிப் போட்டுட்டு நடப்போம். இதுல உள்ளயே ஒடிஞ்சு நின்னுக்குது. வெளியில ஒண்ணும் தெரியல. மறுநாள் காலை விட்டா மறுபடியும் அதே எடத்துல குத்துது. தண்ணி பட்டா மூணு நாளைக்குக் காயவும் மாட்டேங்குது."

கொட்டாய்க்குப் போய் அந்த ஷூவை எடுத்துக்கிட்டு வந்தேன். இன்சோலை உருவிட்டுக் குறடால தேடினதுல மூணு முள்ளு நுனி கிடைச்சது. ஒண்ணு விரல்நக நீளம். சீமைக் கருவ முள்ளுக்கு அந்த நுரை வெண்ணெய் மாதிரி. மேல்துணியில காத்துப் போறதுக்காக விட்டிருக்கிற வலைக்கண் வழியா சேத்துத் தண்ணி நேரா உள்ளே இறங்குது. தார்ரோட்டுல ஓடச் செஞ்ச பொருள் அது. வரப்புக்கு அது ஆகாதுன்னு எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். நாலு மாசமா அந்த அக்கா, எனக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லாம இருந்திருக்காங்க.

அதனால உங்க கட்சிக்கு நான் போட்ட "சரிதாங்க"வைத் திரும்ப எடுத்துக்கறேன்.

7 மே 2025

"அப்ப எரிச்சுட வேண்டியதுதானே, போகிக்கு எல்லாத்தையும் எரிக்கறோமே"ன்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். ரப்பர், நுரை, பசை, பாலியெஸ்டர் துணி எல்லாம் ஒண்ணாக் கிடந்து புகையறது நம்ம வீட்டுப் பிள்ளைங்க மூக்குலதான் ஏறும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில குப்பை எரிக்கறதைத் தடுக்குது. போகிக்கு டயர், ரப்பர், பிளாஸ்டிக் எரிக்காதீங்கன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்லுது. அந்தக் காலத்துப் போகியில எரிஞ்சது கிழிஞ்ச பாயும் தேஞ்ச துடைப்பமும். அதெல்லாம் மண்ணுல விளைஞ்சது.

18 மே 2025

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேப்பமரத்தடியில செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். முப்பது வருஷமா அதே மரத்தடிதான். என் பழைய ஷூ ரெண்டு ஜோடியையும், அக்காகிட்டேருந்து திரும்ப வந்ததையும் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். கையில வாங்கினதும் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்ல. ரெண்டு முனையையும் பிடிச்சு மடக்கிப் பார்த்தார், கத்தி முனையால நுரையில ஒரு கீறல் போட்டார்.

"வெயில்ல காய வெப்பீங்களா?"

"ஆமாங்க, மொட்டை மாடியில."

"அதான். பேஸ்ட்டு இளகிப்போச்சு. பாருங்க, மூக்குல வாய் பொளந்துருக்கு. நெழல்ல காய வெக்கணும். உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டி வெச்சா ஈரத்தைக் குடிச்சுக்கும்."

சித்திரை வெயில்ல மொட்டை மாடித் தளம் கால் வைக்க முடியாத சூடு. கம்பெனியில சூடு பண்ணித்தான் அந்தப் பசையை ஒட்டறாங்க, அதே சூடு அதைப் பிரிச்சும் விடும். ரெண்டு வருஷமா என் ஷூ சீக்கிரம் வாய் பொளக்கறதுக்கு ஓட்டம்தான் காரணம்னு நினைச்சிருந்தேன்.

ஒரு ஜோடிக்கு மூக்குல சொல்யூஷன் போட்டு, சுத்தித் தையலும் போட்டுக் கொடுத்தார். 120 ரூபாய். "நடக்கறதுக்கு ஒரு வருஷம் வரும். ஓடாதீங்க"ன்னார். இன்னொரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுப் பக்கத்துல ஓரமா வெச்சார். "இது போயிருச்சும்மா. நாடாவை மட்டும் எடுத்துக்குங்க."

அக்காவோட ஷூவை அவர்கிட்ட நீட்டி, முள்ளு ஏறாத மாதிரி ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டேன். யோசிச்சார். அடி நுரையைப் பாதி சீவி எடுத்துட்டு டயர் பட்டையை வெச்சுத் தைக்கலாம், ஆனா கனமா இருக்கும், போடுறவங்க காலைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்னார். இத்தனை நாள்ல அந்தக் காலைப் பார்க்கணும்னு சொன்ன முதல் ஆள் அவர்தான்.

1 ஜூன் 2025

எங்க ஊர்ப் பக்கம் வாய்க்கால் தூர்வாரிக்கிட்டு இருக்காங்க. மேட்டூர்ல வழக்கமா 12ஆம் தேதி தண்ணி திறந்தாகணும். அதுக்குள்ள கடைமடை வரைக்கும் முடிக்கணும்னு பொக்லைன் ராத்திரியிலும் ஓடுது. மதகுக்கு முன்னாடி அள்ளிக் கொட்டின சேத்தைப் பார்த்தேன். ஆகாயத்தாமரை, பாட்டில், கிழிஞ்ச பை, அதோட செருப்பும் ஷூவும். கரையோட பத்தடி தூரத்துல மட்டும் ஒன்பது எண்ணினேன். துணியெல்லாம் நைஞ்சுபோயிருக்கு. நுரை அப்படியே இருக்கு. மக்காது, மிதக்கும், தண்ணி வந்ததும் நேரா போய் மதகு வாயில அடைக்கும். ஒத்தை ஷூ ஒண்ணு ஷட்டர்ல சிக்கினா அதைச் சுத்திக் கோரையும் குப்பையும் சேர்ந்துக்கும். அந்த வாய்க்காலோட கடைசி வயக்காரர் ராத்திரி மண்வெட்டியோட வரணும்.

பழைய ஷூவை யாராவது எடுத்துக்கட்டும்னு நடைமேடையில வைக்கிறது, ஆத்துல விடறது, மரத்துல மாட்டறது எல்லாம் கடைசியில இந்த மதகுக்குத்தான் வரும். மரத்துல தொங்கறதுல மழைத்தண்ணி தேங்கினா கொசு முட்டை வேற.

15 ஜூன் 2025

முதல் பதிவுல எழுதின 500–800 கணக்கைப் பத்தி ரெண்டாவது யோசனை.

ஆத்துக் கரையில என்னோட ஓடறவங்கள்ல பாதிப் பேர் வேலைக்காக ஓடற பசங்க. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். ராணுவத்துக்குப் போற பசங்களுக்கு 1.6 கிலோமீட்டர், 5 நிமிஷம் 30 வினாடிக்குள்ள வந்தா முழு மார்க்கு. பலபேர் வெறுங்காலோட ஓடறாங்க. மீதிப் பேருக்கு கேன்வாஸ் ஷூ. லால்குடிப் பக்கத்துலேருந்து போய், ராணுவத்துல சேர்ந்து, 2014 ஆசிய விளையாட்டுல 400 மீட்டர்ல வெண்கலம் வாங்கின ஆரோக்கிய ராஜீவ் பேரை இந்தக் கரையில எல்லாப் பசங்களும் சொல்லுவாங்க.

போன வருஷம் என் வீட்டுக்காரரோட பழைய ஷூ, 9ஆம் நம்பர், 850 கிலோமீட்டர் ஓடினது, ஒரு பையனுக்குக் கொடுத்தோம். வாங்கினதும் அவன் மூஞ்சியில வந்த வெளிச்சம் இன்னும் ஞாபகத்துல இருக்கு. மூணு வாரத்துல முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்போட வலின்னு உட்கார்ந்துட்டான். ஷூவை வாங்கி மேசை மேல வெச்சுப் பார்த்தேன். ரெண்டும் உள்பக்கமா சாஞ்சு நிக்குது. என் வீட்டுக்காரர் அடி வைக்கிற விதத்துக்கு அது வளைஞ்சுபோயிருக்கு. அந்தச் சாய்வுலதான் அந்தப் பையன் தினம் ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்கான். உடம்புத் தேர்வுக்கு ரெண்டு மாசம் இருந்த நேரம் அது. அவனோட ஒரு மாசத்தை நாங்க எடுத்துக்கிட்டோம்.

அதுக்கப்புறம் வீட்டுல ஒரு முடிவு. யாருக்காவது ஓடறதுக்குக் கொடுக்கறதா இருந்தா 400 கிலோமீட்டர்லயே கொடுத்துடணும். அப்ப நமக்கு அது இன்னும் சுகமா இருக்கும், கொடுக்க மனசு வராது. அந்த மனசு வராத நேரத்துல கொடுத்தாத்தான் வாங்கறவருக்கு அதுல ஏதாவது மிச்சம் இருக்கும். 800க்கு அப்புறம் நாம கொடுக்கறது குப்பையை இடம் மாத்தற வேலை.

கால் அளவு கேக்காம கொடுக்காதீங்க. கழுவி, நிழல்ல காய வெச்சு, ரெண்டையும் நாடாவால சேர்த்துக் கட்டிக் கொடுங்க. ஒத்தை ஷூவா பிரிஞ்சா எவ்வளவு நல்ல ஜோடியும் குப்பைதான்.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப்பெருக்கு. படித்துறையில சித்ரான்னமும் காதோலை கருகமணியும். இந்த வருஷம் கரை புரண்டு தண்ணி. ரெண்டாவது படியில யாரோ வெச்ச ஒரு ஜோடி ஷூ, புத்தம்புது நாடாவோட. எடுத்துக்கிட்டு வந்துட்டேன், பெரியவர்கிட்ட காட்டணும்.

10 ஆகஸ்ட் 2025

"ஏதாவது நிறுவனத்துக்கு அனுப்பிடலாமே"ன்னு ரெண்டு மூணு பேர் சொல்லியிருந்தீங்க. பதில் கொஞ்சம் நீளம்.

மும்பையில கிரீன்சோல் இருக்கு. ஷ்ரியன்ஸ் பண்டாரி, ரமேஷ் தாமின்னு ஓட்டக்காரங்க ரெண்டு பேர் தொடங்கினது. பழைய விளையாட்டு ஷூவைப் பிரிச்சுச் செருப்பாக்கிப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கறாங்க. உசுரு போன ஷூவுக்குப் பொருத்தமான வழி இதுதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா அவங்க அதை மறுபடியும் ஷூவா யார் காலுலயும் மாட்டல. பழைய துணிமணி, சாமானைச் சேகரிச்சு இல்லாதவங்களுக்குக் கொண்டுபோற கூன்ஜ் தொண்டு நிறுவனம் வேற மாதிரி. 1999ல அன்ஷு குப்தா டெல்லியில தொடங்கினது, 2015ல அவருக்கு மகசேசே விருது. அங்கே போறது இன்னும் போட்டுக்கற நிலையில இருக்கணும். நைக்கி 1990களோட தொடக்கத்திலேயே பழைய ஷூவைச் சேகரிச்சு, ரப்பர், நுரை, துணின்னு பிரிச்சு அரைச்சு, விளையாட்டுத் தரைக்குப் போட ஆரம்பிச்சது.

சிங்கப்பூர்லயும் இப்படி ஒரு திட்டம். பழைய ஷூவைப் பெட்டியில போட்டா ஓட்டப்பாதையும் விளையாட்டுத் திடலும் ஆகும்னு சொன்னாங்க. அங்கே இருக்கிற என் தம்பிகூட ரெண்டு ஜோடி போட்டுட்டு எனக்குப் போட்டோ அனுப்பினான். 2023 பிப்ரவரியில ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் எழுதினதைப் படிச்சப்ப பகீர்னு ஆச்சு. 11 ஜோடி ஷூவுக்குள்ள இருப்பிடம் காட்டற கருவியை ஒளிச்சு வெச்சு அந்தப் பெட்டிகள்ல போட்டிருக்காங்க. ஒண்ணுகூடத் திடல் ஆகல. பெரும்பாலானது பழைய சாமான் ஏத்துமதி வழியா இந்தோனேசியாவுக்குப் போயிருந்தது, சிலதைச் சந்தையிலேயே கண்டுபிடிச்சாங்க.

யாரோ போட்டுக்கறாங்கன்னா அதுல என்ன கெடுதல்னு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். நான் அவனுக்கு எங்க பள்ளிக்கூட வகுப்பறையைப் பத்திச் சொன்னேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்க ஊர்த் தென்னையெல்லாம் ஒரே ராத்திரியில படுத்துடுச்சு. அடுத்த வாரம் நிவாரண மூட்டை வந்து இறங்கிச்சு. அரிசி, பாய், போர்வை, மெழுகுவத்தி அனுப்பின புண்ணியவான்களை மறக்க முடியாது. கூடவே பத்து மூட்டையில பழைய காலணி. பிரிச்சுப் பார்த்தா ஒத்தை ஒத்தையா, வாய் பொளந்தது, குதிகால் உசந்த செருப்பு. கூரை போன ஜனம் வரிசையில நிக்குது, நாலு டீச்சர் ரெண்டு நாள் உட்கார்ந்து ஜோடி சேர்த்தோம். முக்கால்வாசி சேரல. கடைசியில அதைக் கொட்ட இடம் தேடினதும் நாங்கதான். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல ரோட்டோரமெல்லாம் பழைய துணி மலையா கிடந்ததையும் நேர்ல பார்த்திருக்கேன், அப்ப நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தேன். இந்த டெல்டாக்காரங்க ரெண்டு தடவை வாங்கற பக்கம் நின்னிருக்கோம். பழசை மூட்டை கட்டறப்ப இது எனக்குத் திரும்பத் திரும்ப வருது.

அனுப்பறவங்க முதல்ல அவங்ககிட்ட பேசி, என்ன நிலையில இருந்தா வாங்குவாங்கன்னு கேட்டுட்டு அனுப்புங்க. ஒரு ஜோடிக்கு கூரியர் கட்டுபடி ஆகாது. ஓடற நண்பர்கள் சேர்ந்து பத்து ஜோடியா அனுப்பலாம்.

11 ஆகஸ்ட் 2025

விட்டுப்போன ஒண்ணு. எதுக்குமே ஆகாத ஷூவைத் தூய்மைப் பணியாளர்கிட்ட மக்காத குப்பையா, காய்ஞ்ச நிலையில, தனியா கொடுங்க. மறுசுழற்சிக்கு உதவாத, எரியக்கூடிய குப்பையை நம்ம பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகள் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பறது உண்டு. அங்கே சூளைக்குள்ள 1,400 டிகிரிக்கு மேல சூடு. எரிக்காதீங்கன்னு நான் மே மாசம் சொன்னது வீட்டு வாசல் நெருப்பை. ஈரக் குப்பையோட கலந்து போட்டா அதுவும் நடக்காது, கிடங்கு மேட்டுலதான் கிடக்கும்.

24 ஆகஸ்ட் 2025

வீட்டுக்குள்ள எனக்கு உபயோகப்பட்டது:

நாடா. அவரைப் பந்தலுக்கு, தக்காளிச் செடிக்குக் குச்சி கட்ட, கொசுவலைக்கு. சணல் கயிறு ஒரு மழைக்கு இத்துப்போகும், இது போகாது. இன்சோலை ரெண்டா மடிச்சுத் தைச்சு அம்மாவுக்கு முட்டிக்குப் போட்டுக்கக் கொடுத்தேன், மார்கழியில மண்டியிட்டுக் கோலம் போடுவாங்க. அடி ரப்பர்ல நாலு துண்டு வெட்டி கிரைண்டர் காலுக்குக் கீழே. முதல்ல நுரையைத்தான் வெட்டி வெச்சேன். மாவு ஆட்ட ஆட்ட கிரைண்டர் நகர்ந்து சுவத்துல போய் முட்டிச்சு. உசுரு போன நுரை அதிர்ச்சியைத் தாங்காதுன்னு நானே மேல எழுதியிருக்கேன், கிரைண்டருக்கு மட்டும் தாங்குமா? ரப்பர் துண்டு நகராம நிக்குது.

ஷூவுக்குள்ள செடி வெக்கலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு: வெச்சேன். வலைத்துணி வழியா மண்ணு கரைஞ்சு வாசல் பூரா சேறு. அம்மா எடுத்துப் போடச் சொல்லிட்டாங்க.

7 செப்டம்பர் 2025

பத்திரப்படுத்தி வைக்கறதும் ஆபத்துதான். சொந்தக்காரர் ஒருத்தர் வெளிநாட்டுலேருந்து வாங்கிட்டு வந்த விலை ஒசந்த ஷூவை, நல்ல நாளைக்குப் போட்டுக்கலாம்னு பீரோவுல ஆறு வருஷம் வெச்சிருந்தார். போன வாரம் ஹரித்ராநதிக்குப் போட்டுக்கிட்டு வந்தார். வடகரை திரும்பறதுக்குள்ள அடிப்பாகம் பிட்டு பிட்டா உதிர்ந்துடுச்சு, அவர் பின்னாடி ரோட்டுல புட்டு உதிர்த்த மாதிரி கிடக்கு. அது பாலியூரித்தேன் நுரை. காத்துல இருக்கிற ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும். நடந்து மிதிச்சுப் போட்டதைவிட மூடி வெச்சதுதான் சீக்கிரம் உதிரும். நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகைக் காத்துக்குச் சொல்லணுமா? ஈ.வி.ஏ.வுக்கு இந்த வியாதி அவ்வளவா இல்ல.

மூணு ஜோடி சேர்த்து வெச்சிருக்கிற திருவாரூர்க்காரரே, உங்களுக்குத்தான் இது. மழைக்காலத்துக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க.

12 அக்டோபர் 2025

அவரே பையோட மன்னார்குடிக்கு வந்துட்டார். மூணு ஜோடியையும் மரத்தடியில பெரியவர் முன்னாடி பரப்பினோம். ஒண்ணு நடக்கத் தேறும், தையல் போட்டாச்சு. அவரோட அப்பாவுக்கு. ஒண்ணு செத்தது, நாடாவை உருவிட்டோம், மீதி மக்காத குப்பைக்கு. மூணாவது 700னு அவர் சொன்னாலும் இன்சோலுக்கு அடியில இருந்த தேதியும் மெத்தையும் வேற சொல்லிச்சு. முந்நூத்தைம்பதைத் தாண்டியிருக்காதுன்னு பெரியவர் அடிச்சுச் சொன்னார். 8ஆம் நம்பர். கரையில ஓடற ஒரு பொண்ணுக்கு அளவு பார்த்துக் கொடுத்தோம். போட்டுக்கிட்டு ரெண்டு சுத்து ஓடிட்டு வந்து, வலது கால்ல கொஞ்சம் லூசுன்னு சொல்லிச்சு. தடியான சாக்ஸ் ஒண்ணும் சேர்த்துக் கொடுத்தோம்.

அக்காவோட ஷூ முடிஞ்சுடுச்சு. பெரியவர் அவங்க காலை ஒரு அட்டையில வெச்சுக் கோடு போட்டு, நுரையைச் சீவி, லாரி டயர் பட்டையை அடியில வெச்சுச் சுத்தித் தைச்சிருக்கார். வலைத்துணியை முன்பக்கம் வெட்டி விட்டுட்டார், தண்ணி உள்ளே வந்தா அப்படியே வெளியே போயிடும். கருவமுள்ளு ஒண்ணை எடுத்து எங்க முன்னாடியே குத்திக் காட்டினார், ஒடிஞ்சு விழுந்துச்சு. குறுவை அறுத்த வயல்ல தாள் குத்தாம நாலு நாளா அதைப் போட்டுக்கிட்டுத்தான் அக்கா நடக்கறாங்க. கனமா இருக்கான்னு கேட்டேன்.

"கனம் பரவால்ல டீச்சர். அடுத்த தடவை நீங்க வாங்கறப்பவே கறுப்பா வாங்கிடுங்க. இந்த ரோசு கலர்ல சேறு ரொம்பத் தெரியுது."